தூரம்னா ஃபார்தானே

அந்தா நிக்குது பாருங்க தம்பி, டீக்கடைக்கு முன்னால. முதுகுல மூட்டை, கால்ல ரப்பர் செருப்பு, கழுத்துல நம்ம ஊருத் துண்டு. தொங்குற வாழைத்தாரைப் போட்டோ எடுக்குது. எடும்மா, நல்லா எடு. இந்த மாதிரி வெள்ளைக்காரப் புள்ளைகளைப் பாத்தாலே எனக்கு இப்ப பத்திக்கிட்டு வருது. ஏன்னு கேக்குறீங்களா? கேக்கலையா? பரவாயில்லை, சொல்றேன். மதுரை போய்ச் சேர இன்னும் நேரம் கெடக்கு. பஸ் டிரைவரும் வடை தின்னுட்டு நிதானமாத்தான் வருவாரு.

என் வீட்டுக்காரி மதுரையில ஆஸ்பத்திரியில படுத்திருக்கா. நாகுத்தாய்னு பேரு. கர்ப்பப்பையை எடுத்திருக்காங்க. நல்லா ஓடியாடிக்கிட்டு இருந்தவ தம்பி, ஒரு தலைவலின்னு படுத்தவ இல்லை. அவளைக் கொண்டுபோய் அங்க படுக்க வச்சது யாரு தெரியுமா? இந்தா நிக்குதே, இதே மாதிரி ஒண்ணு. நார்வேக்காரி. பேரு மாரித். ஊரே மாரி, மாரின்னு கூப்பிட்டுச்சு. அதுக்கு அதுல பெருமை வேற.

நான் யாருன்னே சொல்லலை பாருங்க. குருநாதன். கரட்டுப்பட்டியில டைப் இன்ஸ்டிடியூட் வச்சிருந்தேன். டைப்புக்கு ஆளு வரத்து நின்னதும் போர்டை மாத்தி ஸ்போக்கன் இங்கிலீஷ்னு போட்டேன். எங்க சுத்துப்பட்டுல எந்த ஆபீசர் வந்தாலும் எதுக்க நின்னு இங்கிலீஷ்ல பேச என்னை விட்டா ஆள் கிடையாது. டைப் சார் வீடு எதுன்னு கேட்டா சின்னப் புள்ளையும் கையைக் காட்டும். அதனாலதான் மதுரையில ஒரு காலேஜ்ல இருந்து ஒரு மேடம் என்னைத் தேடிக்கிட்டு வந்துச்சு.

நார்வேயில இருந்து ஒரு மாணவி வருது சார், உங்க வீட்டுலயே தங்கும், உங்க ஊருச் சனங்களோடயே பழகி நோய், வைத்தியம் இதெல்லாம் பத்திப் படிக்கும், நீங்க கூட இருந்து மொழிபெயர்த்துச் சொல்லணும்னுச்சு. என்ன படிப்பும்மா அதுன்னேன். சுகாதாரமும் மானுடவியலுமாம். அதாவது ஒரு மனுசனுக்கு உடம்பு முடியலைன்னா அவன் என்ன நினைக்கிறான், யாருகிட்டச் சொல்றான், யாருகிட்டச் சொல்ல மாட்டேங்கிறான், இதையெல்லாம் கூடவே வாழ்ந்து பாத்துக் கண்டுபிடிக்கணுமாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்டச் சொல்றான், இதைக் கண்டுபிடிக்க நார்வேயில இருந்து ஃபிளைட்டு ஏறி வரணுமான்னு கேட்டேன். மேடம் கைக்கடிகாரத்தைப் பாத்துச்சு. கேள்வி அப்படி.

சரி, வந்துச்சு. வந்த அன்னைக்கே கட்டில் வேண்டாம், பாயில படுக்குறேன்னுச்சு. ஸ்பூன் வேண்டாம், கையால தின்னுறேன்னுச்சு. நான் ஆள் வச்சு வெஸ்டர்ன் டாய்லெட்டைத் தேய்ச்சு வச்சா, அதுவும் வேண்டாமாம், எல்லாரும் போற மாதிரியே போறேன்னுச்சு. எங்களை மாதிரியே வாழப் போகுதாம்! எங்களை மாதிரி வாழுறதுக்கு நாங்க இருக்கோம்ல, நீ எதுக்கு? நாங்க ஃபேன் இல்லாமப் படுக்குறதில்லை, அது ஃபேனையும் அமத்திப்புட்டு வேர்த்து ஊத்த ஊத்தப் படுத்துக் கெடக்கும். இதுக்கு அங்க மார்க்குப் போடுறாங்களாம் தம்பி. நம்ம பயலுக எல்லாரும் சும்மாவே பாஸாகியிருக்கணும்.

அப்புறம் கேள்வி. அடேயப்பா. ரேஷன் கடை வரிசையில போய் நிக்கும், நர்ஸம்மா ஊசி போட வர்ற இடத்துல போய் உக்காரும், தண்ணி லாரி வந்தா அங்க ஓடும். எங்க போனாலும் பின்னாலயே நான் போகணும். இருமினா என்ன செய்வீங்க? மருந்து குடிப்போம். மருந்துக்கு முன்னாடி? சுக்குத்தண்ணி. அதுக்கு முன்னாடி? அதுக்கு முன்னாடி இருமுவோம்மான்னேன் நான். அதையும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கிச்சு.

மொழிபெயர்ப்புன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா தம்பி? எவனுக்கும் தெரியாது. ஏதோ இந்தக் கையில வாங்கி அந்தக் கையில குடுக்குறதுன்னு நினைப்பு. எங்க ஊருப் பொம்பளைக பேச்சை அப்படியே இங்கிலீஷ்ல சொல்ல முடியுமா? ஒரு காய்ச்சலைச் சொல்ல மாமியார் சண்டையில ஆரம்பிச்சு, கொழுந்தனார் கல்யாணத்துக்குப் போய், மழையில நனைஞ்சு, கடைசியிலதான் காய்ச்சலுக்கு வரும். நான் முழுசும் கேட்டுட்டு "ஃபீவர்"னு ஒரே வார்த்தையில முடிச்சிருவேன். அந்தப் புள்ள என்னையவே பாக்கும். "சார், அவங்க ரொம்ப நேரம் பேசினாங்களே?"ன்னு கேக்கும். அது ரொம்ப நேரம்தான் பேசுச்சு, விசயம் இம்புட்டுத்தான்னு சொல்லுவேன். நல்லதை மட்டும் வடிகட்டிக் குடுக்குறது ஒரு குத்தமா? நம்ம ஊரு மானத்தைக் காப்பாத்த வேண்டியது யாரு?

இதுல ஒரு சிக்கல் வந்துச்சு பாருங்க. நீங்க கல்யாணம் ஆனவருதானே? அப்ப சொல்லலாம். அந்தப் புள்ள நர்ஸம்மா இடத்துல போய் நின்னுக்கிட்டு, "போன வாரம் ஏன் நீங்க வரலை?"ன்னு ஒரு பொம்பளையைக் கேட்டுச்சு. அந்தப் பொம்பளை என்னைப் பாத்துட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "வீட்டுக்குத் தூரம் சார்"ன்னுச்சு. நான் என்ன செய்ய? நம்ம பக்கம் வீட்டுக்குத் தூரம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் போய் ஒரு இளவயசுப் புள்ளைகிட்ட, நாலு பேரு நிக்கிற இடத்துல, நான் வாயைத் திறந்து சொல்லணுமா? நான் கௌரவமான ஆளு. "ஷீ வாஸ் ஃபார் அவே"ன்னு சொன்னேன். தப்பா? தூரம்னா ஃபார்தானே? எந்த டிக்சனரியை வேணாலும் எடுத்துப் பாருங்க.

ஒரு தடவை சொன்னா அதோட விட்டுருச்சா? அது பாட்டுக்கு வீட்டுக்கு வீடு இதையே கேக்க ஆரம்பிச்சிருச்சு. மாசத்துல எப்ப வெளியூர் போவீங்க? போனா எத்தனை நாள் கழிச்சு வருவீங்க? நான் அந்தப் பக்கம் திரும்பி, "உனக்குத் தூரம் எப்ப, எத்தனை நாளு?"ன்னு எங்கயோ பாத்துக்கிட்டுக் கேப்பேன். பொம்பளைக வாயில முந்தானையை வச்சுக்கிட்டு, இந்தப் புள்ள படிப்புக்குத்தான் கேக்குது போலன்னு மூணு நாளுன்னு சொல்லும். நான் "த்ரீ டேஸ்"ம்பேன். அதுக்கு முகமெல்லாம் சந்தோசம். என்னத்தைக் கண்டுபிடிச்சுச்சுன்னு எனக்கு அப்பத் தெரியலை.

எங்க வீட்டுலயும் இது நடந்துச்சு. ராத்திரிச் சாப்பாட்டுல உக்காந்திருக்கோம். நாகுத்தாய் பரிமாறிக்கிட்டு இருக்கா. அந்தப் புள்ளைக்கு அவ ஏன் எங்களோட உக்காந்து சாப்பிடலைங்கிறது ஒரு தீராத கேள்வி. அன்னைக்கு அதை விட்டுட்டு, "உங்க மனைவி உடம்பு எப்படி இருக்குன்னு கேளுங்க சார், நான் எல்லாரையும் கேட்டேன், இவங்களைக் கேக்கவே இல்லை"ன்னுச்சு. சரின்னு நானும், "உன் உடம்பு எப்படி இருக்குன்னு கேக்குது"ன்னேன்.

அவ கரண்டியைக் கீழ வச்சா. அந்தப் புள்ளையைப் பாக்கலை, என்னையத்தான் பாத்தா. "நின்னு போய் நாலு வருசமாச்சு. இப்ப மறுபடியும் தூரமாகுறேன். மாசத்துக்கு ஒரு தடவைன்னு இல்லை, நெனைச்ச நேரத்துக்கு ஆகுது. இடுப்பு கழண்டு போற மாதிரி வலி. இதைச் சொல்லுங்க"ன்னா.

சாப்பிடுற இடத்துல பேசுற பேச்சா தம்பி இது? எனக்குக் கூச்சத்துல சோறு எறங்கலை. ஆனா மொழிபெயர்ப்பாளன்னு ஒரு கடமை இருக்கு. சொன்னேன். "ஆஃப்டர் ஃபோர் இயர்ஸ், ஷீ இஸ் கோயிங் ஃபார் அகெய்ன். வெரி ஆஃபன். அண்ட் ஹிப் பெயின்." ஒரு வார்த்தை விட்டேனா? விடலை. அந்தப் புள்ளைக்கு ஒரே ஆச்சரியம். "ரொம்ப நல்லது, நாலு வருசம் கழிச்சு மறுபடியும் பயணம் போறாங்களா, பஸ்ல பின்னால உக்காந்தா இடுப்பு வலிக்கத்தான் செய்யும், முன் சீட்டுல உக்காரச் சொல்லுங்க"ன்னுச்சு. நான் அதையும் அப்படியே திருப்பி அவகிட்டச் சொன்னேன். "பஸ்ல முன்னால உக்காருவியாம்."

"பஸ்ஸா?"ன்னா அவ.

"ஆமா."

கீழ வச்ச கரண்டியைத் திரும்ப எடுத்தா. அப்புறம் ரசம் ஊத்தவான்னு கேட்டா. ஊத்துன்னேன்.

அன்னைக்கு அவ அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை. அதனால நானும் சின்ன விசயம்தான்னு விட்டுட்டேன். வயசாகுற பொம்பளைகளுக்கு ஆயிரம் இருக்கும். சூடா இருக்கும்னு நினைச்சேன். இளநி வாங்கிக் குடுத்தேன். ஆமா தம்பி, நானே போய் வாங்கிட்டு வந்து குடுத்தேன், ஒரு தடவை இல்லை, ரெண்டு மூணு தடவை. அதை யாரும் கணக்குல எடுத்துக்கலை.

இப்ப வருது பாருங்க கூத்து. அந்தப் புள்ள படிச்சதை ஊரு முன்னாடி எடுத்துச் சொல்லணுமாம். எங்ககிட்ட இருந்து வாங்கினதை எங்ககிட்டயே திருப்பிக் குடுக்குற மரியாதையாம். சமுதாயக் கூடத்துல சேர் போட்டு, மைக் வச்சு, காலேஜ் மேடமும் வந்துருச்சு. அந்தப் புள்ள சேலை கட்டியிருந்துச்சு. நாகுத்தாய்தான் கட்டிவிட்டா, கொசுவம் சரியா நிக்கலை. அது இங்கிலீஷ்ல பேச, மேடம் தமிழ்ல சொல்லணும்னு ஏற்பாடு. என்னையச் சொல்ல விட்டிருந்தா இந்த அசிங்கமே வந்திருக்காது. நான் சமாளிச்சிருப்பேன்.

மேடம் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு வாசிக்குது. "இந்த ஊர்ப் பெண்கள் மாதந்தோறும் மூன்று நாட்கள் தொலைதூரப் பயணம் செல்கிறார்கள். குடும்பத்தார் இதைத் தடுப்பதில்லை." கூட்டம் ஒண்ணும் புரியாம உக்காந்திருக்கு. "பயணத்தில் இருக்கும் நாட்களில் அவர்கள் சமைப்பதில்லை, கோயிலுக்கும் செல்வதில்லை." இப்ப மேடத்துக்கே குரல் எறங்குது. வாசிக்கிறதை நிறுத்தவும் முடியலை. "பயணம் முடிந்து தலைக்குக் குளித்த பிறகே வீட்டுக்குள் வருகிறார்கள். இது ஒரு நல்ல சுகாதாரப் பழக்கம். எங்கள் நாட்டுப் பெண்களுக்குக்கூட இவ்வளவு சுதந்திரம்..."

அதுக்கு மேல போகலை. பின்னால இருந்து பால்காரன் வீட்டுச் செல்லக்கிளி எந்திரிச்சா. வாய்க்காரி. "ஆமா மேடம், மாசாமாசம் டூருதான் எங்களுக்கு! ஏய், அடுத்த டூரு யாருக்குடி, பஸ்ஸைப் பிடிங்க!"ன்னா பாருங்க. கூடமே இடிஞ்சு விழுற மாதிரி சிரிப்பு. கிழவிக எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சாயுதுக. ஆம்பளைக வெளிய போய்ச் சிரிச்சாங்க. யாரு மொழிபெயர்த்ததுன்னு மேடம் கேக்கவே இல்லை, எல்லாத் தலையும் தன்னால என் பக்கம் திரும்பிருச்சு. அம்புட்டு வருசமா டைப் சாரா இருந்தவன் அன்னையில இருந்து டூரு சார் ஆயிட்டேன். இப்பவும் பஸ் ஸ்டாப்புல நின்னா, "என்ன சார், நீங்களும் தூரமா?"ங்கிறாய்ங்க. சொல்லிக்குடுத்த பயலுகளே சொல்றாய்ங்க தம்பி.

அந்தப் புள்ளையும் முதல்ல சேர்ந்து சிரிச்சுச்சு, எதுக்குன்னு தெரியாமலே. அப்புறம் மேடத்துக்கிட்டக் காதைக் குடுத்துச்சு. மேடம் சொன்னதும் மூஞ்சி செவந்து போச்சு. ஒரு நிமிசத்துல அந்தச் செவப்பும் போய் வெளுத்துப் போச்சு. என்னைத் திட்டும்னு நினைச்சேன். என் பக்கமே பாக்கலை. கூட்டத்துல யாரையோ தேடுச்சு. அம்புட்டுப் பொம்பளைகளும் சிரிச்சுக்கிட்டு இருக்க, என் வீட்டுக்காரி ஒருத்தி மட்டும் சிரிக்காம உக்காந்திருந்தா. புருசனைக் கேலி பண்றாங்களேன்னு அவளுக்குக் கோவம் போலன்னு நினைச்சுக்கிட்டேன். கொஞ்சம் ஆறுதலாக்கூட இருந்துச்சு.

சேலை தடுக்கத் தடுக்க அந்தப் புள்ள எறங்கி ஓடுச்சு, நேரா அவகிட்ட. தரையில உக்காந்து அவ கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேக்குது, தமிழ்ல. அதோட தமிழை நீங்க கேக்கணும். "அம்மா. நாலு வருசம் இல்லை. இப்ப தூரம். ரத்தம்?"

"ஆமா"ன்னா நாகுத்தாய்.

"எப்ப இருந்து?"

"நீ வர்றதுக்கு முன்ன இருந்தே, மாரி."

நான் பக்கத்துலதான் நிக்கிறேன். எனக்கு ஒரு மரியாதை இருக்கா இல்லையா? மொழிபெயர்ப்பாளன் உயிரோட நிக்கும்போது நடுவுல ஆள் இல்லாம இவங்களே பேசிக்கிறாங்க. இலக்கணம் இல்லாத பேச்சு, ஒரு வாக்கியம் முழுசா இல்லை. ஆனா விறுவிறுன்னு ஓடுது. அழுகை வேற. படிக்க வந்த புள்ளைக்கு என்ன அழுகைன்னு கேக்குறேன். தப்பாப் போட்டா மார்க்குக் குறையும்ல, அந்த அழுகையா இருக்கும்.

மறுநாளே மதுரைக்குக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிருச்சு. நான் வாசல்ல நின்னு சத்தம் போட்டேன். "என்னைக் கேக்காம எங்கடி போற? இங்கயே டாக்டர் இல்லையா? ஊரு பேரு தெரியாதவனுக்கெல்லாம் உடம்பைக் காட்டணுமா? சோத்துக்கு யாரு?"ன்னேன். அவ செருப்பை மாட்டுனா. எங்க கல்யாணத்துக்கு அப்புறம் எனக்குச் சமைச்சு வைக்காம அவ வாசப்படி தாண்டினது அன்னைக்குத்தான். அந்தப் புள்ள என்னமோ தானே பெத்த ஆத்தாளைக் கூட்டிக்கிட்டுப் போற மாதிரி பையைத் தூக்கிக்கிட்டு முன்னால நடக்குது. வேற வழி? நானும் சட்டையை மாட்டிக்கிட்டுப் பின்னால ஓடினேன். அதே பஸ்ல பின் சீட்டுல உக்காந்து போனேன்.

அங்க ஒரு டாக்டரம்மா. முதல் கேள்வியே என்னையத்தான் கேட்டாங்க. "எப்ப நின்னது, எப்ப மறுபடி ஆரம்பிச்சது, எத்தனை புள்ளை, கலைஞ்சது உண்டா?" எனக்கு எப்படித் தெரியும்? ஓசூர்ல ஒரு மகன் இருக்கான், அது தெரியும். மத்ததெல்லாம் பொம்பளை சமாச்சாரம். நாகுத்தாய் வாயைத் திறக்குறதுக்குள்ள அந்த நார்வேக்காரி சொல்லுது. நாலு வருசம் முன்னாடி நின்னுச்சு, போன தீபாவளிக்கு ஆரம்பிச்சுச்சு, மகனுக்கு முந்தி ரெண்டு கலைஞ்சிருக்குன்னு. ரெண்டா? எனக்கு ஒண்ணுதான் தெரியும் தம்பி. பஸ்ல வந்த நேரத்துக்குள்ள அம்புட்டையும் அதுகிட்டச் சொல்லியிருக்கா! முப்பது வருசத்துக்கு மேல கூட இருந்தவன் நான், நேத்து வந்தது அது. அந்த டாக்டரம்மா என்னைப் பாத்த பார்வை இருக்கே, ஏதோ நான் ரோட்டுல போறவன் மாதிரி.

சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புனாங்க, கர்ப்பப்பையை எடுக்கணும்னாங்க. மகனும் வந்து கையெழுத்துப் போட்டான். ஆபரேசனுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முந்தி அவகூட நான் தனியா இருந்தேன். எனக்கு மனசு ஆறலை, கேட்டுட்டேன். "ஏன்டி, இத்தனை நாளா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்ல?"ன்னேன்.

"உங்ககிட்டத்தானே சொன்னேன்"ங்கிறா.

"எப்பச் சொன்ன?"

"அன்னைக்குச் சாப்பிடும்போது. அந்தப் புள்ள கேட்டுச்சு, நான் உங்க மூஞ்சியைப் பாத்துத்தான் சொன்னேன்."

கேட்டீங்களா நியாயத்தை? அது அந்தப் புள்ளைக்குச் சொன்ன பதில். நான் நடுவுல இருக்குறவன். நடுவுல இருக்குறவன்கிட்டச் சொன்னதா ஆகுமா அது? போஸ்ட்மேன் கையில குடுத்தா போஸ்ட்மேனுக்கு எழுதின கடுதாசியா? நான் இதை அவளுக்கு விளக்கிச் சொல்லிக்கிட்டே இருந்தேன். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க, பாதியில.

அந்தப் புள்ள போயிருச்சு, நார்வேக்கு. படிப்பு முடிஞ்சு போச்சுல்ல. என் பொண்டாட்டியை வச்சுப் பாஸாகியிருக்கும், நல்ல மார்க்கே வாங்கியிருக்கும். போகும்போது என் கையைப் பிடிச்சு, "மன்னிச்சிருங்க சார், நான் இன்னும் முன்னாலயே தமிழ் கத்துக்கிட்டு இருக்கணும்"னுச்சு. எவ்வளவு திமிரு பாருங்க. அதாவது நான் சரியில்லைன்னு நாசூக்காச் சொல்லுது.

ஆங், வண்டி எடுத்துட்டான். நல்லா நகந்து உக்காருங்க தம்பி.

நேத்துச் சாயங்காலம் அந்த டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க. திருநெல்வேலிப் பக்கத்துக்காரங்க, பேச்சுலயே தெரியும், நல்ல தமிழ். ஆனா நான் இங்கிலீஷ்ல ஆரம்பிச்சேன். பின்ன? அன்னைக்கு என்னை அப்படிப் பாத்தாங்கல்ல, யாருகிட்டப் பேசுறோம்னு தெரியட்டும்னு. அவங்களும் சரின்னு இங்கிலீஷ்லயே சொன்னாங்க. எல்லாம் புரிஞ்சுச்சு தம்பி, ஒரு வார்த்தை விடாமப் புரிஞ்சுச்சு. புத்துநோய்தான். எடுத்த இடத்துக்கு வெளியவும் லேசா இருக்காம். கரண்ட் வைக்கணும், அதான் ரேடியேசன், புண்ணு ஆறினதுமே ஆரம்பிக்கணும், விட்டுற முடியாது, பொழைக்க வச்சிரலாம்னு நம்பிக்கை இருக்கு, ஆனா உறுதி சொல்ல முடியாதுன்னாங்க. "இன்னும் நாலு மாசம் விட்டிருந்தா என் கையில ஒண்ணும் இருந்திருக்காது"ன்னும் சொன்னாங்க. டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க, அவங்க பெருமைக்கு.

கடைசியா, "அவங்களுக்கு எல்லாத்தையும் தெரியப்படுத்தணும். நான் சொல்றதை விட நீங்க சொன்னா அவங்களுக்குத் தைரியமா இருக்கும். நீங்கதான் நல்லா இங்கிலீஷ் பேசுறீங்களே, அப்படியே தமிழ்ல எடுத்துச் சொல்லிருங்க"ன்னாங்க.

போனேன். கட்டிலுக்குப் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்தேன். என் கொழுந்தியா கூட இருந்தா, அவளைக் காபி வாங்கிட்டு வரச் சொல்லி வெளிய அனுப்பிச்சேன். அந்த வார்த்தை என் வாய் வரைக்கும் வந்துச்சு தம்பி. அவ தலையைச் சீவிப் பூ வச்சிருந்தா, பக்கத்துக் கட்டில்காரி குடுத்தாளாம். எனக்குப் பயமாப் போச்சு. "சாதாரணக் கட்டியாம், எல்லாத்தையும் எடுத்தாச்சாம், சும்மா ஒரு பாதுகாப்புக்குக் கரண்ட் வைப்பாங்களாம், பயப்பட ஒண்ணும் இல்லையாம்"னு சொல்லிட்டேன்.

அவ முழுசாக் கேட்டா. நான் முடிச்சதும் என் கையை எடுத்துத் தன் மடியில வச்சுக்கிட்டா. கோவமெல்லாம் இல்லை தம்பி, நல்லாத்தான் கேட்டா.

"சரி. இப்ப டாக்டரம்மா என்ன சொன்னாங்க, அதைச் சொல்லுங்க"ன்னா.

நான் எந்திரிச்சு, மாத்துத்துணி எடுத்துட்டு வாரேன்னு சொல்லிட்டு ஊருக்குக் கிளம்பி வந்துட்டேன். இந்தா, துணியை எடுத்துக்கிட்டுத் திரும்பப் போறேன். அவ அதே கேள்வியோடதான் உக்காந்திருப்பா.